பஸ் ஜன்னலிலிருந்து எறிந்த சாவி

பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, பரமத்தி வேலூர் சந்தை முடிந்து நானும் அம்மாவும் நாமக்கல் பஸ்ஸில் ஏறினோம். வழியில் எங்கள் ஊரில் அம்மா இறங்கிக்கொண்டாள். எனக்கு நாமக்கல்லில் இயற்பியல் டியூஷன். பஸ்ஸில் ஆள் ஏறிக்கொண்டிருக்க, அம்மா சாலையோரமாக முன்னால் நடந்து போய்விட்டாள். பஸ் கிளம்பிய பிறகுதான் வீட்டுச் சாவி என் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

ஜன்னல் அவளுக்கு நேராக வந்ததும், "அம்மா, சாவி" என்று கூவி அவளைப் பார்த்தே வீசினேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். அம்மா சாலையோரப் புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்க சாமி போட்டே?"

"உங்களப் பாத்து நேராத்தானுங்க போட்டேன்."

"நேரா எங்க வந்துச்சு? பஸ்ஸு போன பக்கமாச் சாஞ்சுல்ல ஓடுச்சு. எங்க உழுந்துச்சுன்னுதான் தெரியல."

என் கண்ணுக்கு அது நேராகத்தான் போனது. யார் சொல்வது சரி?

பக்கத்திலிருந்த சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். அம்மாவை நோக்கி ஓர் அம்பு, பஸ் போகும் திசையில் ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. ஜன்னல் உயரம் இரண்டு மீட்டர் என்றால், தரையைத் தொட முக்கால் நொடிகூட ஆகாது. பஸ்ஸின் வேகம் நொடிக்கு ஏழு மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் சாவி நாலரை மீட்டர் முன்னால் விழுந்திருக்க வேண்டும். நான் வீசியபோது அம்மா நின்ற இடத்திலிருந்து ஆறு தப்படி எண்ணி நடந்து, அங்கே சல்லடை போட்டுத் தேடினேன். இல்லை.

அம்மா கணக்கு எதுவும் போடாமல் நடந்துகொண்டே போனாள். அதே இடத்திலிருந்து பதினான்கு தப்படி தள்ளி, வாழைத்தோப்பு வாய்க்காலில் கிடந்ததை எடுத்தாள்.

"கெடச்சிருச்சு, நீ கெளம்பு" என்றாள்.

நான் மேல்நோக்கி வீசினேனா, பஸ் இன்னும் வேகமாகப் போனதா, சாவி தரையில் பட்டுத் துள்ளியதா? டியூஷன் சாரிடம் கேட்டேன்.

"கணக்குல பஸ்ஸோட வேகம் குடுத்திருக்காங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்பறம் எப்படிப் போடுவே?"

அந்த வருடத் தேர்வில், ஓடும் ரயிலிலிருந்து கல்லெறியும் கணக்கு வந்தது. முழு மதிப்பெண் கிடைத்தது. விடையை எழுதும்போதும், அந்தக் கல் உண்மையில் எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியவில்லை.