பெண்பாலில் சொல்லியிருக்க வேண்டிய சொல்

சிட்னியின் புறநகரான லிட்கம்மில் எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் குடியிருக்கும் எத்தியோப்பியப் பெண், நெடுந்தூர ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர். அது ஒரு தொழில் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது. மற்றவர்கள் வேலைக்குப் புறப்படும்போது அவர் வேலையை முடித்துக்கொண்டு வியர்வையுடன் படியேறுவார். ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் வென்றவர். குழந்தை பிறந்த பின் குதிகால் தசைநார் கிழிந்து இரண்டு ஆண்டுகள் ஓடவில்லை, போட்டி அழைப்புகளும் நின்றுபோயின. அவருடைய ஒப்பந்தங்களைப் பார்க்கும் மனேஜர் கடைசியாக ஒரு நிபந்தனையை மின்னஞ்சலில் எழுதியிருந்தார். சிட்னி மரதனில் முதல் மூவருள் வந்தால் தொடரலாம். இல்லையெனில் எல்லாம் அத்துடன் முடிந்தது.

என் மனைவி அவருடைய தோழி. முன்பு அவர் இந்த நகரத்தில் ஓடியபோதெல்லாம் தெருவோரம் நின்று, வீட்டில் ஒருபோதும் கேட்டிராத குரலில் கத்துவாள். இம்முறை அவள் இல்லை. அவளுடைய ஆண்டுத்திவசம் கழியும்வரை கொண்டாட்டம் எதற்கும் போவதில்லை என்று நான் இருந்தேன். ஓட்டத்தன்று காலையில் அவளுடைய தம்பி பிளாக்டவுனிலிருந்து வந்து கதவைத் தட்டினான்.

"அத்தான், வெளிக்கிடுங்கோ."

"நான் கொண்டாட்டத்துக்கு வரேல்ல."

"இதென்ன கொண்டாட்டம்? நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடிச் சாகிற விசயம். செத்தவீடு மாதிரித்தான். வாங்கோ."

பூங்காவை அண்டிய வீதியில், ஓட்டம் முடிவதற்குச் சற்று முன்னுள்ள வளைவில் நின்றோம். நான்கு பெண்கள் கடந்து போனார்கள். ஐந்தாவதாக அவர் வந்தார். ஒரு தோள் சரிந்திருந்தது. அந்தக் குதிகால் தரையில் முழுதாகப் பதியவில்லை. விரிவுரை மண்டபங்களிற்கூட நான் குரலை உயர்த்தியவனல்ல. ஆயினும் என் வாயிலிருந்து "ஐயோ" என்ற சொல் உரத்து வந்துவிட்டது.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றே தோன்றியது. அது எனக்கு விளங்கவில்லை. பின்னர் அவருடைய காலடிகள் நீண்டன. வளைவு முடிவதற்குள் ஒருத்தியைத் தாண்டினார்.

"அத்தான், இன்னொருக்காக் கத்துங்கோ," என்றான் மைத்துனன். "வேலை செய்யுது."

எல்லைக்கோட்டருகே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிவு தெரிந்திருந்தது. இரண்டாமிடம். அவர் தேசக்கொடியைத் தோளில் போர்த்தியிருந்தார். கணவர் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். எங்களைக் கண்டதும் வேலியருகே வந்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"அங்கிள், பிழை விட்டுவிட்டீர்கள். நான் பெண். எனக்கு 'ஐசோஷ்' என்று சொல்ல வேண்டும். 'ஐசோ' ஆண்களுக்கு."

நான் விழித்தேன். அவரே விளக்கினார். மனந்தளராதே என்பதற்கு அவர்களுடைய அம்ஹாரிக் மொழியில் அதுதான் சொல்லாம். ஓடிக் களைத்தவருக்கும் அதுதான், நோயாளிக்கும் அதுதான், இழவு வீட்டிலும் அதுதான். என் "ஐயோ" அவருடைய காதில் அப்படி விழுந்திருக்கிறது.

"யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"எங்கட ஆக்களுக்கு அது பிறவியிலேயே வரும்," என்று மைத்துனன் தன் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டான். "பிறந்த உடனே முதல் சொல்லுறதே அதுதான்."

அவர் சிரித்து முடித்ததும் ஈரமான கையை என் தோளில் வைத்து, அந்தச் சொல்லை ஆண்பாலில் எனக்குச் சொன்னார். அந்த மாதங்களில் பலர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். முறையாக நன்றி சொல்லியிருந்தேன். இதற்குத் தலையை மட்டும் அசைத்தேன்.

அப்போது கணவரின் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்து, "மனேஜர்," என்று நீட்டினார். அந்தப் பெண் அதை வாங்கினார், ஆனால் பேசவில்லை. மற்றக் கையிலிருந்த தண்ணீரை ஆறுதலாகக் குடித்தார்.

"இரண்டு வருடமாக நான் அழைத்தபோதெல்லாம் இவர் பதில் சொல்லவில்லை," என்றார்.

"அவசரப்படாதை, பிள்ளை," என்றான் மைத்துனன். "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."