கண்டி வீட்டு வரலாற்றில் என் பக்கம்

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்த தொண்ணூறுகளில் பெரியப்பாவுக்கு எண்பது நிறைந்தது. விழாவுக்கு வருகிறவர்களுக்குக் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகக் கொடுக்க ஆசைப்பட்டார். அவர் எழுதியதை டைப் அடிக்கும் வேலை எனக்கு.

முதல் பக்கம் எங்கள் பூட்டனாரைப் பற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து சம்பாதித்து எங்கள் வீட்டைக் கட்டியவர். ஊரில் அதைக் கண்டி வீடு என்றுதான் சொல்வார்கள். 'ஏழைகளுக்குக் கடல் கடந்து வாழ்வளித்த வள்ளல்' என்று பெரியப்பா எழுதியிருந்தார்.

பக்கத்து மேசைக்காரி அதை எடுத்துப் படித்தாள். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் அவளுடையது. தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் தாளைக் கீழே வைத்தாள். தன் அப்பாவை ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விக்கிரமசிங்கபுரம் போனேன். அவள் அப்பா மில் தொழிலாளி. அவருடைய அப்பாயியை, அதாவது அப்பாவின் அம்மாவை, கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு அழைத்துப் போனவர் என் பூட்டனார்தானாம். மூன்று வேளையும் நெல்லுச்சோறு என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை பெற்ற எட்டாம் நாள் அவளை மழையில் கொழுந்து பறிக்க விரட்டினார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஊருக்கே போகிறேன் என்றபோது பிரம்பால் அடித்தார். இதையெல்லாம் அவள் அப்பா கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாளே அந்தப் பக்கத்தை மாற்றி அடித்தேன். வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார், அடித்து வேலை வாங்கினார், அந்த வருமானத்தில் கட்டிய வீடு இது.

பெரியப்பா இரண்டு தடவை படித்தார். சுதந்திர தினத்துக்கெல்லாம் கொடியேற்றி, வெள்ளையன் செய்த கொடுமைகளைத் தொண்டை கட்டப் பேசுகிறவர் அவர்.

"ஏளா, வெள்ளைக்காரன் செஞ்ச பாவத்த ஏன் நம்ம தலையில கட்டுதே?"

"வெள்ளைக்காரன் அந்தக் கிராமத்துக்கு வரவே இல்ல பெரியப்பா. போய்க் கூட்டிட்டுப் போனது நம்ம ஆளு. வீடு மட்டும் நமக்கு, அடிச்ச பழி மட்டும் அவனுக்கா?"

அவர் வேறொரு இடத்தில் டைப் அடிக்கக் கொடுத்து, வள்ளல் என்றே அச்சிட்டுக்கொண்டார். விழாவுக்கு வரவேண்டாம் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். நான் போனேன். என் பக்கத்தைப் படியெடுத்து வைத்திருந்தேன். பந்தி முடிந்து கை கழுவி வந்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். சிலர் மடித்துப் பையில் வைத்தார்கள். ஒரு சித்தப்பா என் கண்ணெதிரே கிழித்துப் போட்டார். அவருக்கு இன்னொன்று நீட்டினேன்.

மில் தொழிலாளிக்கும் ஒரு படி கொண்டுபோனேன். நிதானமாகப் படித்தார்.

"தோட்டத்துப் பதிவேட்டுல அப்பாயி பேரத் தப்பா எழுதிவச்சிருந்தாங்க. நீங்க பேரே போடலியேம்மா."

அங்கேயே பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அதையும் சேர்த்துப் புதிதாக அடித்து, உறவினர் எல்லோருக்கும் தபாலில் அனுப்பினேன். முதல் உறையில் பெரியப்பாவின் விலாசம் எழுதினேன்.