மணல்மேட்டுக்கு நாள் பார்த்தது

முப்பது வருடத்தில் என் கணவர் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்ட பயணம் ஒன்றுதான். அமெரிக்காவின் கொலராடோவில், எட்டாயிரம் அடி உயரத்தில், மலைகளின் காலடியில் பெரிய மணல்மேடுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டும். அவருடைய நுரையீரலில் தழும்பு படர்ந்துகொண்டிருந்தது. போவதென்றால் சீக்கிரம் போகச் சொல்லி மார்ச்சிலேயே டாக்டர் சொல்லிவிட்டார்.

லண்டனில், எங்கள் சட்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, எப்போது போகலாம் என்று அவர் மாதம் மாதமாகத் தாளில் எழுதினார். குளிர்காலத்தில் மணலின் மேல் பனி. வசந்தத்தில் கண் திறக்கவிடாத காற்று. ஜூலை, ஆகஸ்டில் பின்னேரம் இடி மின்னல், மத்தியானம் மணல் காலைப் பொசுக்கிவிடும். ஜூன் தொடக்கம்தான் தோது. பனி உருகி மணலடியில் ஆறும் ஓடும்.

“ஜூன் முதல் கிழமைக்கு லீவு போடுறன்,” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாமி, அவருடைய அம்மா, போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. முதல் வருடத்து ஆட்டைத் திவசம் ஆகஸ்ட் கடைசியில்தான்.

“திவசம் முடியாமல் ஊர் சுத்தப் போனால் சனம் என்ன கதைக்கும்? உங்களுக்கென்ன விசரே?”

“அம்மா இருந்தால் போட்டு வா எண்டுதான் சொல்லியிருப்பா. டொக்டரும் சொன்னவர்...”

“டொக்டர்மார் அப்பிடித்தான் வெருட்டுவினம்.”

 அவர் ஜூனை வெட்டிவிட்டு, செப்டம்பர் கடைசி என்று எழுதினார். ஆறு வற்றியிருக்கும், ஆனால் இடி ஓய்ந்திருக்கும், இரவுதான் குளிரும். நானே முன்நின்று நாள் பார்த்து டிக்கெட் போட்டேன்.

திவசத்தன்று வடை பாயாசத்தோடு சாப்பிட்டுவிட்டு ஒருத்தி கேட்டாள்: “ஏன் அக்கா, சமர் லீவுக்கு ஒரு இடமும் போகேல்லையே? எங்கடை மாமா மோசம்போய், செத்தவீடு முடிஞ்சு மூண்டாம் மாசம் நாங்கள் ஸ்பெயினுக்குப் போட்டு வந்தனாங்கள். இந்தக் காலத்திலை ஆர் அதெல்லாம் பாக்கினம்!”

அட கடவுளே, இந்த வாய்க்குப் பயந்தா நான் ஜூனை விட்டேன்!

இரண்டு கிழமை கழித்து ஆஸ்பத்திரியில் மூச்சுச் சோதனை. படியேறவே ஒட்சிசன் போதாதவர் அந்த உயரத்துக்குப் போகவே கூடாது, இனி எப்போதும் கூடாது என்றார்கள்.  பாவி நான், அவருடைய கடைசி நல்ல மாதங்களைச் சனத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

போக இருந்த நாளன்று வெளியே மழை. அவர் மூக்கில் குழாயோடு கதிரையில் இருந்து, அந்த இடத்து வானிலையைப் போனில் பார்த்தார்.

“பதினெட்டுப் பாகை. காத்தும் இல்லை, முகிலும் இல்லை,” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அதில் துளியும் கோபம் இல்லை.

“நீர் நல்ல நாளாத்தான் பாத்திருக்கிறீர்.”