அந்த டெலிபோன் காட்சி

அக்காவைக் கட்டிய என் அத்தானுக்குத் தெருவில் வைத்த பெயர் கேசட்டு. பிள்ளைகளுக்குக் கேசட்டு மாமா, கடைக்காரர்களுக்குக் கேசட்டு சார், அவர் காதில் விழாது என்று நினைக்கும்போது வெறும் கேசட்டு. விழும். விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். குளிர்பானக் கம்பெனியில் பாட்டில் பார்க்கும் வேலை அவருக்கு. வெள்ளை விளக்கு எரியும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கழுவிய பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். தூசி, கீறல், உள்ளே ஒட்டிக்கொண்ட ஸ்ட்ரா என்று எது தென்பட்டாலும் அந்தப் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். நாள் பூராவும் கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கிற சத்தம். அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வீட்டிலும் கத்திக் கத்தித்தான் பேசுவார்கள். அத்தான் பேசுவதே அபூர்வம் என்பதால் அவர் காது எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். அக்கா பெரியது, நான் சின்னது. அத்தான் இன்றுவரை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். தலை நரைத்து, மூட்டு தேய்ந்து, பேரன் எடுத்த பிறகும் நான் சின்னதுதான்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் போர்டில் இருந்தாள். அறையில் தங்கியிருப்பவர்கள் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அவளிடம் நம்பர் சொல்ல வேண்டும். வீட்டில் வாயைத் திறந்தால் மூட மாட்டாள். போர்டில் உட்கார்ந்துவிட்டால் ஒரு வார்த்தை கூடுதலாக வராது. அந்த ஹோட்டலில் ஒருமுறை சினிமாக்காரர்கள் தங்கினார்கள். டைரக்டர் தன் வீட்டுக்கு லைன் கேட்டிருக்கிறார். அக்கா பேசியதைக் கேட்டதும், தன் படத்தில் வரும் ஆபரேட்டர் குரலுக்கு வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது அவருக்கு. கையோடு கூட்டிக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்திவிட்டார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் அன்றைக்கு யாரும் கிடையாது. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன ஹீரோ, பல வருடம் கழித்து மழையில் ஒரு பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் போடுவான். ஆபரேட்டர் குரல் கேட்கும்: “லைன்ல இருங்க சார்.” மணி அடித்துக்கொண்டே இருக்கும். பிறகு மறுபடியும் குரல்: “மணி அடிக்குது சார், யாரும் எடுக்கல.” அவ்வளவுதான் அக்காவின் பங்கு. ஹீரோ போனை வைத்துவிட்டு அழுவான், தியேட்டரே மூக்கை உறிஞ்சும். எங்கள் வரிசையில் மட்டும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்போம். முன்வரிசைக்காரர் ஒருமுறை திரும்பி எங்களை முறைத்தார். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அதே போர்டில் தலைவலி என்று மேஜைமேல் சாய்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. போட்டோக்கள் இருந்தன. கட்டிய புடவைகள் இருந்தன. வாய் ஓயாமல் பேசிய பெண்ணின் குரல் மட்டும் எங்கேயும் இல்லை, அந்தப் படத்தைத் தவிர.

படம் வீடியோ கேசட்டாக வந்ததும் அத்தான் வாங்கினார். கேசட்டைப் போட்டுப் பார்க்க டெக் வேண்டுமே, அதையும் வாங்கினார். வீட்டில் அப்போது கட்டில்கூடக் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து படம் ஓடும். அந்த இடத்துக்கு நேராக ஓட்டிப் போக மாட்டார். அடிக்கடி முன்னும் பின்னும் ஓட்டினால் அந்த இடத்தில் நாடா தேய்ந்துவிடும் என்று பயம். அதனால் மூன்று டூயட்டையும் இரண்டு சண்டையையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அக்கா பேசும் அந்தச் சில நொடிக்காகக் காத்திருப்பார். அவள் பேசி முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவுவார்.

ஒரு கேசட்டோடு நின்றதா? வேறு கம்பெனி போட்ட கேசட்டையும் வாங்கினார். அதில் படத்தை ஒரே நாடாவில் அடக்குவதற்காகச் சில காட்சிகளை வெட்டியிருந்தார்கள். அந்தக் கத்தரிக்கு டெலிபோன் பூத்தே தப்பவில்லை. இன்னொன்றில் அக்கா பேசும்போது திரையின் அடியில் பாத்திரக் கடை விளம்பரம் ஓடியது. எதில் நிறம் நீலமாக இருக்கிறது, எதில் மழை தெரியவில்லை, எதில் ஹீரோவின் வலது தோள் திரைக்கு வெளியே போய்விட்டது என்று எல்லாம் சொல்வார். பாட்டில் பார்க்கிற கண்ணல்லவா.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அக்காவைத் தூக்கிக் கறுப்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வாராவாரம் திறந்து பார்க்கிறாரே, இது என்ன பிழைப்பு என்று இருக்கும். முதல் ஒன்றிரண்டு முறை கூட உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்தக் காட்சி வரும் நேரத்தில் எனக்குச் சமையலறையில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி எங்கள் அம்மாவே கேட்டாள். பார்க்கலாம் அத்தை என்றார். பார்க்கலாம் என்றே பத்து வருடத்தை ஓட்டிவிட்டார்.

பிறகு சிடி வந்தது. ஒரு படம் இரண்டு தட்டு. முதல் தட்டு சரியாக எங்கே முடிந்தது தெரியுமா? “லைன்ல இருங்க சார்” என்று அக்கா சொல்வாள், படம் நின்றுவிடும். எழுந்துபோய் அடுத்த தட்டைப் போட்டால் “யாரும் எடுக்கல” என்பாள். அத்தான் அவசரப்பட மாட்டார். முதல் தட்டை எடுத்துத் துடைத்து, உறையில் போட்டு, அடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்துவிட்டு நிதானமாகப் போடுவார். அவள் லைனில் இருக்கச் சொல்லியிருக்கிறாள், இவர் இருக்கிறார். இதை நான் கேலியாகத்தான் என் வீட்டுக்காரரிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

டிவிடி வந்தபோது அக்காவையே காணோம். மணி அடித்தது, மழை பெய்தது, ஹீரோ அழுதான், குரல் மட்டும் இல்லை. அத்தான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். எங்கள் ஞாபகத்தில் அவர் போட்ட ஒரே சண்டை அதுதான். டிஸ்க் விற்கிறவர் நல்ல மனிதர், எங்கள் வயதுக்காரர். சத்தத்தை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்திருக்கிறார்கள், வீட்டில் இரண்டுதான் இருக்கிறது, மீதிக்குப் போகும் சத்தம் கேட்காது என்று விளக்கிவிட்டு, அவரைக் கடைக்குள்ளேயே உட்காரவைத்துப் போட்டுக்காட்டினார். நானும் அன்றைக்குக் கூடப் போயிருந்தேன். ஆனால் காட்சி வரும் நேரம் வாசலில் நின்றுகொண்டேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். எதிரே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் விருட்டென்று பின்னால் திரும்பினார். அங்கே சுவரும் ஒரு ஸ்பீக்கரும்தான் இருந்தன. கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஆறு ஸ்பீக்கரும் அவர் வீட்டுக்கு வந்துசேர்ந்தன.

இப்படியே காலம் போனது. ரிட்டையர் ஆனார். பாட்டில் பார்க்கும் வேலைக்கு மெஷின் வந்தது. போன வருடம் அந்தப் படத்தைப் பழைய நெகட்டிவிலிருந்து சுத்தம் செய்து புது டிஸ்க்காக வெளியிட்டார்கள். தியேட்டரில் பார்த்த மாதிரியே இருக்கும் என்று விளம்பரம். அத்தான் முதல் ஆளாகப் போய் வாங்கினார். அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

“சின்னது, அவங்க உங்க அக்காவை எடுத்துட்டாங்க. வேற யாரோ பேசுறா.”

ஸ்பீக்கர் வயர் ஏதாவது கழன்றிருக்கும் என்றேன். அதெல்லாம் பார்த்துவிட்டதாகச் சொன்னார். குரல் கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது, ஆனால் அது அவள் இல்லை. கம்பெனிக்காரன் எவளையோ கூப்பிட்டுப் புதிதாகப் பேசவைத்துவிட்டான். கனமான குரல், வயதானவள் மாதிரி இருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா போன அன்றுகூட என் முன்னால் அழாத மனிதர். மறுநாளே அந்த டிஸ்க் கடைக்குக் கிளம்பினோம். பழைய கேசட்டையும் டெக்கையும் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

டிஸ்க்காரர் ஒரு டிவியில் டெக்கையும் பக்கத்து டிவியில் புது டிஸ்க்கையும் மாட்டினார். அன்றைக்கு நான் வாசலுக்குப் போகவில்லை. போயிருக்கலாம். அத்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் கேசட்டு. இரைச்சலுக்கு நடுவில் ஒரு மெல்லிய குரல், பள்ளிக்கூடத்துப் பெண்ணுடையது போல. பயந்துபோய்ப் பேசியிருக்கிறாள் பாவம் என்று முன்பு நினைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அத்தான், “இதான், இதான்” என்றார். அடுத்தது புது டிஸ்க்.

“லைன்ல இருங்க சார்.”

குளிக்கப் போனவள் உள்ளேயிருந்து துண்டு கேட்பாளே, அந்தக் குரல். என் தலையில் பேன் பார்த்துக்கொண்டே திட்டுவாளே, அந்தக் குரல். கொஞ்சம் கட்டையான, அழுத்தமான, எதற்கும் பயப்படாத குரல். இத்தனை வருடத்துக்குப் பிறகு என் அக்கா அந்தக் கடைக்குள் பேசினாள்.

டிஸ்க்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“குரலை யாரும் மாத்தல சார். தியேட்டர்ல ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம் ஓடும். டிவிக்கு மாத்தும்போது இருபத்தஞ்சா ஓட்டுனாங்க. படம் துளி வேகமாப் போகும், குரலும் துளி மெலிசாயிடும். உங்க கேசட்டு, சிடி, டிவிடி எல்லாமே அப்படித்தான். இதுலதான் உள்ளபடி ஓடுது.”

அத்தான் கேட்டுக்கொண்டார். அவருக்குப் புரிந்தது, ஆனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு சின்னது. கூடப் பொறந்தவ நீ. இதுல எது உங்க அக்கா?”

பொய் சொல்லத்தான் நினைத்தேன். எழுபது வயது மனிதரிடம் உண்மையைச் சொல்லி நான் எதைச் சாதிக்கப் போகிறேன்? ஆனால் அப்போதுதான் கேட்ட அக்காவை, அவள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“புதுசுதான் அத்தான்,” என்றேன்.

அவர் என் முழங்கையை விட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை. நாலாவது தடவைக்கு டிஸ்க்காரர் எங்களைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காது கெட்டுப்போயிருக்கும், கம்பெனிச் சத்தத்தில் வேலை பார்த்த காது, அதனால்தான் இப்படி இருக்கிறது என்று ஏதோ ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினார்.

“காது நல்லாத்தான் இருக்கு. இங்கதான் போச்சு,” என்று நெற்றியைத் தொட்டார். “அவ வீட்ல பேசினது, என்னைக் கூப்பிட்டது, சண்டை போட்டது எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. ஆனா எல்லாமே அந்தக் கேசட்டுக் குரல்லதான் இருக்கு. நிஜக் குரல்ல ஒரு வார்த்தைகூட இல்ல.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு, “உனக்கு எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “அது போதும்,” என்றார். அவருக்கு அது போதாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒருநாள்கூட விடாமல் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அவள் குரல் தங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு ஓடி ஒளிந்த எனக்கு அப்படியே தங்கியிருக்கிறது. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று நான் இன்னும் யாரிடமாவது கேட்டுச் சண்டை போடத்தான் காத்திருக்கிறேன்.

இப்போது கேசட்டை அவர் தொடுவதில்லை. புது டிஸ்க்கைத்தான் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை நான் கட்டாயம் வர வேண்டும் என்கிறார், நானும் போகிறேன், அவர் பக்கத்திலேயே உட்காருகிறேன். டெலிபோன் பூத் வரும். மழை பெய்யும். அக்கா பேசுவாள். பேசி முடித்ததும் அத்தான் என் பக்கம் குனிந்து, “இவதானே?” என்பார்.

“இவதான் அத்தான்,” என்பேன்.

புதிதாக அறிமுகமானவருக்குத் தலையாட்டுவது போல டிவியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டுவார்.