கனவுக்குக் காத்திருந்த கால்

அக்கரப்பத்தனை கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு சின்னத் துணிக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. போன மழைக்காலத்தில் என் கணவரின் வலது கால் பெருவிரல் புண்ணானது. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் மரத்துப்போயிருந்ததால் சப்பாத்து கடித்ததுகூடத் தெரியவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, விரலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மேலே ஏறும் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு நன்றாக விளங்கியது. அவருக்கும் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும், "இஸ்திகாரா தொழுது பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

ஒரு காரியத்தில் இறங்குவதா வேண்டாமா என்று தடுமாறும்போது, நல்லதை எளிதாக்கு, கெட்டதைத் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை அது. நானும் தொழுதிருக்கிறேன். ஆனால் எங்கள் ஆட்களிடம் அதோடு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வரும், அதில் வெள்ளையோ பச்சையோ கண்டால் செய்யலாம், கறுப்போ சிவப்போ கண்டால் விட்டுவிட வேண்டும் என்பார்கள். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

தினமும் காலையில் பிளேன்டீயோடு போய் அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை என்பார். ஒருநாள் கனவு வந்தது. தேயிலை மலை முழுக்கப் பச்சையாக இருந்ததாம். நான் பையை எடுக்கப் போனேன்.

"பச்சதான். ஆனா கொழுந்து எடுத்தவங்க எல்லாம் கறுப்புப் பொலித்தீன் போத்தியிருந்தாங்க" என்றார்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குப் பச்சை இல்லாமல் எப்படிக் கனவு வரும்? மழைக்காலத்தில் கறுப்புப் பொலித்தீன் இல்லாமல் எப்படி மலை வரும்? வாய்வரை வந்ததை விழுங்கினேன். நான் கடைக்கு வருகிறவர்களிடம்கூட விலையைத் தவிர வேறு பேசத் தெரியாதவள்.

பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் பேச்சுக்கு அஞ்சாதவர். என் கணவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒன்றை எடுக்கவைத்துப் பதில் பார்ப்பார்கள். "நானா, எங்களுக்கு அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருது. ஒங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு லேட்டாகுது?" என்று கேட்டார். அது வேற, இது வேற என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன வேறு என்று எனக்கும் தெரியவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் குர்ஆன் தர்ஜமாவை, அதன் தமிழ் மொழிபெயர்ப்பை, வாசிப்பேன். விரும்புகிறவர் நம்பட்டும், விரும்புகிறவர் மறுக்கட்டும் என்ற கருத்து ஓரிடத்தில் வருகிறது. அல்லாஹ் நாடாமல் நீங்கள் நாட முடியாது என்ற கருத்து இன்னோரிடத்தில் வருகிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பது என் அறிவுக்கு எட்டவில்லை. ஆனால் என் கணவர் இரண்டாவதை ஆஸ்பத்திரிக்கு மட்டும் வைத்திருந்தார். ஹட்டனுக்குத் துணி எடுக்கப் போக அவர் ஒருநாளும் கனவு கேட்டதில்லை. விலை பேசும்போது நஸீபு, தலைவிதி என்று விட்டுக்கொடுத்ததும் இல்லை.

அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இப்படிச் செய்திருக்கமாட்டோம் என்று சிலர் சாக்குச் சொன்னதையும், அந்தச் சாக்கு எடுபடாமல் போனதையும் ஒருநாள் வாசித்தேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவருக்குக் காட்டக் காத்திருந்தேன். அவர் வரும்போது ஸ்கூல் யூனிபோம் துணி கேட்டு ஒரு குடும்பமே வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

கடைசியில் பள்ளிவாசல் ஹஸ்ரத் நோய் பார்க்க வந்தார். கனவு வர வேண்டும் என்று மார்க்கத்தில் இல்லை, தொழுதுவிட்டு அறிந்தவர்களிடம் கேட்டுக் காரியத்தில் இறங்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். என் கணவர் தலையாட்டினார். ஹஸ்ரத் படியிறங்கியதும், "எனக்கு மனசு இன்னும் சாயல" என்றார்.

மனசு சாய்வதற்குள் காய்ச்சல் வந்தது. பாதம் கறுத்து, வீடெல்லாம் வாடை. பலசரக்குக் கடைக்காரர்தான் வேன் பிடித்து, அவரைத் தூக்கி ஏற்றினார். விரலோடு போயிருக்க வேண்டியது, பாதி பாதத்தோடு போனது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் களா கத்ர், அல்லாஹ் விதித்தது, பொறுமையாக இருங்கள் என்றார்கள். அவர் கட்டிலில் நிம்மதியாகச் சாய்ந்து, "எழுதினது இதுதான்" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"எழுதினவன் மேல போடாதீங்க. போகமாட்டேன்னு ஒக்காந்திருந்தது நீங்க."

சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் கோபப்படவேயில்லை. "அதயும் அவன்தான் நாடினான், புள்ள" என்றார்.

இந்தப் பதிலை எப்படி வெல்வது? நான் எரிவதையும் அவன்தான் நாடினான் என்றால் என் எரிச்சலுக்கும் மதிப்பில்லை. கால் போனவர் நிம்மதியாகத் தூங்குகிறார். நான்தான் தர்ஜமாவைப் புரட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கிறேன்.

போன வாரம் அவருடைய இடது குதிகாலில் வெடிப்பு கண்டு, சுற்றிச் சிவந்திருந்தது. காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "தொழுது பாப்போம்" என்றார்.

"தொழுங்க. வேனுக்குச் சொல்லிட்டேன். காலையில ஆறு மணிக்கு வரும்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

அவர் உடுக்கும் சாரத்தை மடித்துப் பையில் வைத்தேன்.