பாண்டிச்செல்வி கைவைத்த சட்டை

முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தோளில் தையல் கொஞ்சம் இழுத்திருக்கிறது. ஷேர் ஆட்டோ படப்பை பஜாரைத் தாண்டுவதற்குள் பாண்டிச்செல்வியின் விரல் அங்கே போய்விட்டது. அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்புகிறாள்.

"ஒண்ணுமில்லக்கா, தோள்பட்டைல இழுக்கு. தச்சவன் அவசரக்காரன் போல. ஒரு ஞாயித்துக்கெழம கொண்டாங்க, சரி பண்ணித் தாரேன்."

முன்பின் தெரியாதவளின் சட்டையில் கை வைக்கலாமா என்ற கூச்சம் அவளுக்குக் கிடையாது. அவள் கண்ணுக்கு மனிதர்கள் முதலில் துண்டு துண்டாகத்தான் வருகிறார்கள்: ஒரு முதுகு, ஒரு கை, ஒரு கழுத்து. பெயர் பிறகு வந்து அவர்களை ஒன்றாகச் சேர்த்துத் தைக்கிறது.

ஊர் சங்கரன்கோவில் பக்கம். வேலை ஒரகடத்தில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில். அங்கே தைப்பது அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் ஓய்வெடுப்பாள் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. படப்பையில் தங்கியிருக்கும் ஒற்றை அறையில், கட்டில் இருக்கவேண்டிய இடத்தில் பழைய தையல் மிஷின் இருக்கிறது. அவள் பாயில் படுத்துக்கொள்கிறாள்.

சுவரில் ஆணி அடித்து, அட்டைகளை மாட்டியிருக்கிறாள். புது வீடுகளுக்குக் குடிவருபவர்கள் தெருவில் போடும் ஃப்ரிட்ஜ் பெட்டிகளை வெட்டிச் செய்த அளவு அட்டைகள். 'உலகம்மா கை', 'கிளியக்கா முதுகு', 'சுகா கழுத்து' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். ஃபேன் சுற்றும்போது தெரிந்தவர்களின் முதுகும் கையும் சுவரோரம் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

கம்பெனியிலிருந்து ஒரு நூல்கூட வெளியே வராது. கேட்டில் சோதனை உண்டு. அவளுக்கு வேண்டிய வெட்டுத்துணி பஜார் டெய்லர் கடைகளிலிருந்து சாக்கில் வருகிறது. யாரோ உடுத்தப்போகும் புதுத்துணியின் மிச்சங்கள். அவை டிபன் பையாகும், போன் உறையாகும், கொண்டைக்கு மாட்டும் வளையமாகும். கம்பெனி பஸ்ஸில் வரும் பாதிப் பெண்களின் மடியில் அவள் கைவேலை ஒன்று இருக்கும். அதை அவளே ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டவும் செய்வாள். அடக்கம் என்பது அவள் அளவு எடுக்காத உடுப்பு.

வீட்டுக்காரி கிளியம்மாள் முதலில் சண்டைக்குத்தான் வந்தாள்.

"இன்னாம்மா, வூட்டுக்குள்ள ரைஸ் மில்லு வச்சிகினு கீறியா? செவுரே ஆடுது!"

"செவுரு ஆடலக்கா. கோவத்துல நீங்கதான் ஆடுதிய. அந்த நைட்டியக் கொஞ்சம் குடுங்க."

மறுநாள் கிளியம்மாளின் நைட்டியில் ஒரு பாக்கெட் முளைத்திருந்தது. போன் போக, சாவி போக, வெற்றிலைக்கும் இடம் இருந்தது. இப்போது கிளியம்மாள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு தெருவில் நடக்கிறாள். நிறுத்திக் கேட்பவர்களிடம், "நம்ம வூட்ல டைலர் குடி கீது" என்கிறாள்.

ஆரம்பம் இவ்வளவு நன்றாக இருக்கவில்லை. பாண்டிச்செல்வி முதலில் தைத்தது பக்கத்து அறை உலகம்மாளுக்கு ஒரு ஜாக்கெட். வெட்டு சுத்தம், தையல் நேர்கோடு. ஆனால் உலகம்மாளின் கை உள்ளே போகவில்லை. போன பிறகு வெளியே வரவில்லை. கடைசியில் கத்தரித்துத்தான் அவளை விடுவிக்க வேண்டியிருந்தது. சீட்டு உறையை ஃபோமைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டவேண்டும். அப்போதுதான் சுருக்கம் விழாமல் இறுக்கிப் பிடிக்கும். கம்பெனிப் பழக்கத்தில் உலகம்மாளையும் அப்படியே வெட்டிவிட்டாள்.

"என்னய என்ன கார் சீட்டுன்னு நெனச்சியாட்டி?" என்று உலகம்மாள் கத்தினாள்.

"ஃபோம் அமுங்கும்க்கா. நீங்க அமுங்க மாட்டேங்குதிய" என்று பதில் வந்தது.

அவள் பக்கத்து மிஷினில் தைப்பவள் சுகப்பிரியா. கணவன் மணிகண்டபிரபுவுக்கு மறைமலை நகரில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் இருவரும் பார்த்துக்கொள்வதே அபூர்வம். எப்படியோ சுகப்பிரியாவுக்கு இது ஐந்தாம் மாதம். சாம்பல் நிற யூனிஃபார்ம் சட்டையின் கீழ்ப் பட்டன்கள் போட முடியவில்லை. பட்டன் திறந்திருந்தால் லைனில் உட்காரக் கூடாது.

"பட்டன் தெறிச்சி என் மூஞ்சில அடிக்கப்போவுதும்மா. வேற சைஸ் வாங்கிப் போட்டுகினு வா" என்றார் சூப்பர்வைசர் டில்லிபாபு.

ஸ்டோரில் ஒரே ஒரு எக்ஸ்எல் இருந்தது. ஆம்பளை அளவு. தோள் முழங்கை வரை இறங்கியது, கை விரலைத் தாண்டித் தொங்கியது. சனிக்கிழமை காலை கேட்டிலேயே பாதுகாப்பு அதிகாரி மதிவதனி நிறுத்திவிட்டாள்.

"இந்தக் கையோட உக்காந்தா ஊசி இழுத்துடும்மா. திங்கக்கெழமை சரியான சைஸ்ல வாங்க. இல்லன்னா லீவு எழுதிக் குடுத்துடுங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாததால்தான் எதிர்த்துப் பேச வழியில்லாமல் போயிற்று. எக்ஸ்எல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுகப்பிரியா வீட்டுக்குத் திரும்பினாள். அவள் ஒப்பந்தத் தொழிலாளி. இப்போது லீவில் போனால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள். பிள்ளை பெற்றுத் திரும்பி வரும்போது நாற்காலி இருக்கும், இடம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்செல்வியின் அறையில் உட்கார்ந்து அழுதாள்.

"எட்டாம் மாசம் வரைக்கும் வாரேன்னு சொல்லியிருந்தேன்க்கா. இப்பவே அனுப்பிருவாங்க போல."

"அழாதட்டி. அழுதா மொகந்தான் வீங்கும், வயிறு வத்தாது. பட்டன் போட முடியாத ஒன் பழைய சட்டையக் குடு."

சீருடையில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று ஸ்டோர் சன்னலில் ஒட்டியிருக்கிறது. மாட்டினால் போட்டவளோடு தைத்தவளும் வெளியே. அதைச் சுகப்பிரியா நினைவூட்டிக்கொண்டிருக்கும்போதே பாண்டிச்செல்வி கொடியிலிருந்து தன் சட்டையை உருவிக் கத்தரியை விட்டிருந்தாள். ஆளுக்கு இரண்டு சட்டைதான் கொடுப்பார்கள்.

"ஐயோ, அது உன் சட்டைக்கா!"

"ஒண்ணு போதும் எனக்கு. தொவச்சு ஃபேன் காத்துல போட்டா காலைல காஞ்சிரும்."

"கரண்டு போச்சுன்னா?"

"ஈரத்தோட போவேன். சும்மா இருட்டி, வெட்டு கோணிரும்."

சிக்கல் நிறத்தில் வந்தது. மொட்டை மாடி வெயிலில் காய்ந்து பாண்டிச்செல்வியின் சட்டை வெளுத்திருந்தது. சுகப்பிரியாவுடையது இன்னும் புதுநிறம் மாறவில்லை. ஒட்டுப்போட்டால் தூரத்திலேயே தெரியும். துண்டைக் கையில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பிறகு அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். வெயில் தொடாத உள்பக்கம் இன்னும் புதுசாகவே இருந்தது.

தோளையும் கையையும் அவள் தொடவில்லை. அக்குளுக்குக் கீழே இருபக்கமும் பிரித்து, மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளை இணைத்தாள். அந்தத் துண்டுக்குள் மடிப்பு மேல் மடிப்பாக வைத்துப் பிடித்தாள். சீட்டு உறைக்குப் போடுகிற இரட்டைத் தையலை வெளியே ஓட்டினாள். சுகப்பிரியாவைப் போடச் சொல்லி, உட்காரவைத்து, குனியவைத்து, மிஷினில் ஓட்டுவதுபோல் கையை நீட்டவைத்தாள். கடைசிப் பட்டன் தானாகப் போய் உட்கார்ந்தது.

"நாளைக்கிக் கேட்டுல நீ மட்டும் வாயத் தொறக்காதக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்று சுகப்பிரியா கெஞ்சினாள்.

"நான் எதுக்குப் பேசப்போறேன்?"

திங்கட்கிழமை கேட்டில் வரிசை நின்றது. மதிவதனி சுகப்பிரியாவைத் தனியாக நிறுத்தினாள். கை நுனியை இழுத்துப் பார்த்தாள். பட்டன்களைப் பார்த்தாள். பக்கவாட்டுத் தையலில் விரல் ஓட்டினாள்.

"ஸ்டோர்ல குடுத்ததா?"

"ஆமா மேடம், ஸ்டோர் சட்டைதான்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

"இந்த சைஸ் எப்ப வந்துச்சு? பரவால்லையே, கம்பெனியில நல்லாத்தான் தைக்கிறாங்க."

பின்னால் நின்ற பாண்டிச்செல்விக்கு உள்ளே ஏதோ சுரீரென்றது. பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"கம்பெனியிலயா? கம்பெனிக்காரனுக்கு இந்த மடிப்பு வைக்கத் தெரியுமா மேடம்?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "போச்சுடா, வாய வச்சிகினு சும்மா இருக்காதே இது" என்று கேட்டருகே நின்ற டில்லிபாபு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நீதான் தச்சியா?"

"நாந்தான்."

"யூனிஃபார்ம்ல கை வைக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். எங்கயாச்சும் துணி தொங்குதா, பிடிச்சு இழுத்துப் பாருங்க. தொங்குனா இங்கனயே பிரிச்சுக் குடுத்துட்டு நானும் அவகூட பஸ் ஏறுதேன்."

மதிவதனி இழுத்துப் பார்த்தாள். சுகப்பிரியாவைக் கையைத் தூக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், குனியச் சொன்னாள். சட்டை அவளோடு போய் அவளோடு வந்தது. மதிவதனியின் விரல் மடிப்பில் வந்து நின்றது.

"இது எதுக்கு?"

"அது அடுத்த மாசத்துக்கு. அதுக்கு உள்ள இருக்கது அதுக்கடுத்த மாசத்துக்கு. ஒரு தையலப் பிரிச்சா போதும். புள்ள வளர வளரச் சட்டையும் வளரும்."

மதிவதனி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாக்கி டாக்கியை இடுப்பில் செருகினாள்.

"போங்க, லைன் ஸ்டார்ட் ஆகப்போகுது. ஸ்டோர்ல நான் பேசிக்கிறேன். பாண்டிச்செல்வி, சாப்பாட்டு நேரத்துல என்னை வந்து பாரு. ஃபைனல் லைன்ல ஒரு பொண்ணு இதே மாதிரி லீவு எழுதிக் குடுத்துட்டு நிக்குது."

வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். சுகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டைத் தேய்க்கப் போனாள்.

"ஏட்டி, நில்லு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் பஸ்ஸிலிருந்து இன்னும் கூட்டம் இறங்கி முண்டியடிக்க, பாண்டிச்செல்வி குனிந்தாள். மதிவதனியின் விரலுக்கும் தப்பிய ஒரு நூல் நுனி, சட்டை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பல்லால் கடித்து அறுத்து, ஊதிவிட்டு, நிமிர்ந்தாள்.