எழுந்து ஓடிய பொணம்

ஆலையின் தீயணைப்புப் பிரிவில் அவனைப் போல ஒல்லியான ஆள் வேறு இல்லை. ஏணியில் தூக்கி இறக்கத் தோதான உடம்பு என்று, சேர்ந்த புதிதிலேயே ஒத்திகையில் அடிபட்டவனாகப் படுக்க வைத்தார் பாதுகாப்பு அதிகாரி. அதோடு சரி. வருஷக்கணக்கில் அவன் அணைத்த தீ ஒன்றுமில்லை; ஸ்ட்ரெச்சரில் ஊர்வலம் போனதுதான் மிச்சம். 'பொணம்' என்று பேரும் நிலைத்துவிட்டது. "பொணம் வீட்ல இருக்கா?" என்று யாராவது வாசலில் வந்து கேட்டால் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர் அவளுடைய அண்ணன். "மாப்பிள, கொஞ்சமாவது முனகுங்க. நிம்மதியா தூங்கற மாதிரியே இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் கிண்டலடிப்பார்.

அன்றைக்குத் தலைமையகத்துப் பெரியவர்கள் ஒத்திகை பார்க்க வந்திருந்தார்கள். பந்தல், நாற்காலி, பூங்கொத்து. பந்தலுக்குப் பின்னால் அவர்களுடைய கார்கள், ஏசி குளிர் போய்விடக் கூடாதென்று எஞ்சின் அணையாமல் நின்றன. விபத்து முன்னெச்சரிக்கை பற்றித் தலைமை விருந்தினர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஆலையின் கேஸ் பம்ப் ஓரம், ரத்தம் மாதிரி சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு பொணம் காத்துக் கிடந்தது.

மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. தலையைத் திருப்பினான். பம்ப்பின் அடியிலிருந்து வெள்ளைப் புகைபோல ஒன்று, தரையோடு தரையாகப் பந்தலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் உயரத்துக்கு அது இன்னும் எட்டவில்லை.

பொணம் எழுந்து ஓடியது.

"கேஸ் கசியுது! ஒரு பொறி பட்டாப் போச்சு, காரையெல்லாம் அணைங்க!"

பந்தலில் கைதட்டல். "அடடா, நிஜம் மாதிரியே இருக்கே!" என்றார் விருந்தினர்.

அதிகாரி பல்லைக் கடித்தார். "யோவ், உனக்கு ரெண்டு காலும் உடைஞ்சிருக்கு. போய்ப் படு!"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காற்று வரும் பக்கம் நின்றிருந்த தீயணைப்பு வண்டியிடம் ஓடினான். "மச்சான், சத்தியமா கசியுது!"

மச்சான் அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு நடிக்க வராதே மாப்பிள" என்றவர், மறுபேச்சில்லாமல் தண்ணீரைத் திறந்துவிட்டார். புகைக்கும் பந்தலுக்கும் நடுவே தண்ணீர் சுவராக எழுந்தது. விருந்தினரின் உரை பாதியில் நனைந்தது. இவன் கார் காராக ஓடி, திட்டு வாங்கிக்கொண்டே சாவிகளைப் பிடுங்கினான். அதற்குள் நெடி எல்லார் மூக்கையும் எட்டிவிட, நாற்காலிகள் உருண்டன, பெரியவர்கள் பறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் வால்வை அடைத்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுவாரம் பாராட்டு விழா. கசிவையும் ஒத்திகைக் கணக்கிலேயே சேர்த்து, அமோக வெற்றி என்று அறிவித்து, திட்டமிட்டவர் என்று அதிகாரிக்குப் பொன்னாடை போட்டார்கள். இவனுக்குச் சிறந்த நடிப்புக்கான கோப்பை. மேடையிலேயே நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான். அதிகாரி தோளை அழுத்தி, "அப்புறம் பேசிக்கலாம், என்ன வேணும்னு மட்டும் சொல்லு" என்று காதில் கிசுகிசுத்தார்.

அவன் சொன்னான். இப்போதும் ஒத்திகையில் அவன்தான் படுக்கிறான். ஆனால் எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும், கார் சாவியை அவன் கையில் கொடுத்த பிறகுதான்.